முப்பது டாலருக்குள் ஒரே பாட்டில்: ராவாகவும் ருசித்து, காக்டெயிலிலும் நிற்கும் அமெரிக்க விஸ்கி எது?

சனிக்கிழமை சாயங்காலம் என் ஃபோனுக்கு ஒரு படம் வந்தால், அது பெரும்பாலும் மதுக்கடை அலமாரியாகத்தான் இருக்கும். "அண்ணா, இதுல எதை எடுக்கட்டும்?" கேட்கிற ஆள் மாறுவார், கேள்வி மாறாது. நியூ ஜெர்சிக்கு வேலைக்கு வந்து ஒன்றிரண்டு வருடம் ஆன தம்பிகள். ஊரில் சோடா ஊற்றிக் குடித்துப் பழகியவர்கள். அலுவலக விருந்தில் யாரோ கொடுத்த ஓல்டு ஃபேஷண்ட் காக்டெயிலில் மயங்கி, அதை வீட்டிலும் செய்துபார்க்கக் கிளம்பி, நாற்பது வகை போர்பனுக்கு, அதாவது மக்காச்சோளத்தில் காய்ச்சும் அமெரிக்க விஸ்கிக்கு, முன்னால் திகைத்து நிற்பவர்கள்.

எல்லோருக்கும் தேவை ஒன்றுதான். முப்பது டாலருக்குள் ஒரு பாட்டில். வாரநாளில் தனியாக ஒரு பெக் ராவாகப் போக வேண்டும். நண்பர்கள் வந்தால் காக்டெயில் கலந்து கொடுக்கவும் ஆக வேண்டும். இரண்டு வேலையும் செய்கிற பாட்டில் உண்டு. ஆனால் "ஸ்மூத்தா இருக்கணும்" என்று தேடுபவர் கையில் அது சிக்காது. ராவாகக் குடிக்கும்போது ஸ்மூத் என்று நாம் புகழ்கிற விஸ்கிதான், ஐஸும் சர்க்கரையும் சேர்ந்ததும் முதலில் காணாமல் போகிறது.

## எதை வைத்து அளந்தேன்

விலையும் கிடைப்பதும். 750 மில்லி பாட்டில், வரிக்கு முன் முப்பது டாலருக்குள். எந்த வாரம் போனாலும் சாதாரணக் கடையில் இருக்க வேண்டும். குலுக்கலில் பெயர் விழுந்தால்தான் கிடைக்கும் என்கிற சரக்கு இங்கே கணக்கில் இல்லை.

ராவாக. நம்மூரில் "ராவா அடிச்சான்" என்றால் வீரப் பிரதாபம். நான் சொல்வது அது இல்லை. 20 மில்லி ஊற்றி, பத்து நிமிடம் விட்டு, வாயைச் சற்றே திறந்தபடி முகர்ந்து, நாக்கு நனைகிற அளவுக்கு முதல் வாய். அது ருசி பார்ப்பதற்கு அல்ல, நாக்கைப் பழக்குவதற்கு. இரண்டாவது வாயில்தான் ருசி தெரியும். அப்புறம் அரைக் கரண்டி தண்ணீர் விட்டு இன்னொரு தடவை.

மூன்று காக்டெயிலில். ஓல்டு ஃபேஷண்ட்: 60 மில்லி விஸ்கி, ஒரு சிறு கரண்டி சர்க்கரைப் பாகு, இரண்டு உதறல் அங்கோஸ்டுரா பிட்டர்ஸ் (கசப்பு மூலிகைச் சாறு), மேலே ஆரஞ்சுத் தோலைப் பிழிந்த எண்ணெய். மன்ஹாட்டன்: 60 மில்லி விஸ்கி, 30 மில்லி இனிப்பு வெர்மூத் (மூலிகை சேர்த்த ஒயின்), அதே பிட்டர்ஸ். விஸ்கி சவர்: 60 மில்லி விஸ்கி, எலுமிச்சைச் சாறும் பாகும் 22 மில்லி வீதம், ஐஸோடு குலுக்கியது.

மறைவான செலவு. இதற்குக் கடைசியில் வருகிறேன். பாட்டிலைவிட அதுதான் பலருக்கு அதிர்ச்சி.

மூன்று சனிக்கிழமை, நானும் இரண்டு நண்பர்களும். ஒரே மாதிரிக் கோப்பைகளின் அடியில் எண் ஒட்டி, ஊற்றியது என் மனைவி. எந்தக் கோப்பையில் எது என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். அவர் குடிப்பதில்லை, அதனால் நடுநிலை பற்றிக் கவலை இல்லை, "மூணு பேரும் ஒரே கிளாஸை வெச்சுக்கிட்டு எவ்வளவு நேரம் மோந்து பாப்பீங்க?" என்கிற கேள்வியை மட்டும் சமாளிக்க வேண்டியிருந்தது.

## லேபிளில் முதலில் எண்ணைப் பாருங்கள்

அமெரிக்க லேபிளில் ப்ரூஃப் என்று ஓர் எண் இருக்கும். அதில் பாதிதான் ஆல்கஹால் சதவீதம். 80 ப்ரூஃப் என்றால் 40, 100 என்றால் 50. பத்து சதவீதம்தானே என்று தோன்றும். கணக்குப் போட்டால் வேறு மாதிரி தெரியும்.

ஓல்டு ஃபேஷண்டை ஐஸ் போட்டுக் கலக்கும்போது ஏறக்குறைய 25 மில்லி தண்ணீர் உருகிச் சேரும். 40 சதவீத விஸ்கியில் செய்தால் கோப்பையின் வலு 26 சதவீதம் அளவுக்கு இறங்கிவிடும். 50-இல் தொடங்கினால் 33-இல் நிற்கும். சவரில் சாறும் பாகும் குலுக்கிய தண்ணீரும் சேர்ந்து 150 மில்லி ஆகிவிடுவதால், 40 சதவீதம் போட்டால் 16, கிட்டத்தட்ட திடமான ஒயின். இதில் போதை ஏறுவது இறங்குவது இரண்டாம் விஷயம். வெனிலா, ஓக், பட்டை கிராம்பு என்று நாம் ரசிக்கிற வாசனைகள் எல்லாம் ஆல்கஹாலோடு சேர்ந்தே வருபவை. தண்ணீர் அதிகம் கலந்து அடைத்த பாட்டிலில் அவையும் அதே விகிதத்தில் குறைந்திருக்கும். அதன் மேல் எலுமிச்சையை ஊற்றினால் மிஞ்சுவது எலுமிச்சை ஜூஸ்தான்.

அடுத்துப் பார்க்க வேண்டியது 'பாட்டில்டு-இன்-பாண்ட்', சுருக்கமாக 'பாண்டட்', என்கிற சொற்கள். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவிலும் கலப்படச் சரக்குதான் ஆட்சி செய்தது. வெறும் சாராயத்தில் புகையிலைச் சாறு வரை எதையாவது கலந்து நிறமேற்றி, விஸ்கி என்று விற்றார்கள். கென்டக்கியில் நேர்மையாகக் காய்ச்சிக்கொண்டிருந்த கர்னல் எட்மண்ட் டெய்லர் போன்றவர்களும், நிதித்துறைச் செயலராக இருந்த ஜான் கார்லைலும் போராடியதில் 1897-இல் ஒரு சட்டம் வந்தது. ஒரே ஆலை, ஒரே காய்ச்சுப் பருவம், அரசுக் கண்காணிப்பில் உள்ள கிடங்கில் குறைந்தது நான்கு வருடம், பாட்டிலில் சரியாக 50 சதவீதம். இத்தனையும் இருந்தால்தான் அந்தச் சொற்களைப் போடலாம். இன்றும் இது அப்படியே அமலில் இருக்கிறது. விளம்பரத்துக்குப் பெரிதாகச் செலவழிக்காத பாட்டில்களில்தான் இந்தச் சொற்கள் அதிகம் தென்படும், அலமாரியின் கீழ்த்தட்டில். குனிய வேண்டும்.

போர்பன் என்ற பெயருக்கே கறாரான நிபந்தனைகள் உண்டு. தானியக் கலவையில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம். உட்புறம் கருக்கிய புது ஓக் பீப்பாய். நிறமோ வாசனையோ சேர்க்கக் கூடாது. ஒரு தடவை போர்பன் வைத்த பீப்பாயை மறுபடி போர்பனுக்குப் பயன்படுத்த முடியாது என்பதால் அவை ஸ்காட்லாந்துக்கும் வேறு இடங்களுக்கும் போய்விடுகின்றன. புதுக் கட்டை, கென்டக்கியின் சுட்டெரிக்கும் கோடை, நடுங்கவைக்கும் குளிர். மரத்துக்குள் போய்வந்து நான்கைந்து வருடத்திலேயே விஸ்கிக்கு நிறமும் இனிப்பும் ஏறிவிடுகின்றன. பன்னிரண்டு வருடம் காத்திருக்கும் ஸ்காட்சின் விலையில் பாதிக்கு இது கிடைப்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

## எவன் வில்லியம்ஸ் பாட்டில்டு-இன்-பாண்ட் (50 சதவீதம், சுமார் 19 டாலர்)

கறுப்பு லேபிள் எவன் வில்லியம்ஸ் எல்லாக் கடையிலும் கண்ணுக்கு நேராக இருக்கும். நான் சொல்வது அதன் வெள்ளை லேபிள் அண்ணன். ஹெவன் ஹில் நிறுவனத்துடையது. 1996 நவம்பரில் பார்ட்ஸ்டவுனில் இவர்களுடைய ஆலையும் ஏழு கிடங்குகளும் எரிந்து, தொண்ணூறாயிரம் பீப்பாய் அளவுக்கு விஸ்கி நெருப்பாறாக ஓடியது. பிறகு லூயிவிலில் ஓர் ஆலையை வாங்கி அங்கே காய்ச்சத் தொடங்கினார்கள்.

ராவாகக் குடித்தால் முதலில் காட்டம் தெரியும். மறுக்கவில்லை. பத்து நிமிடம் கழித்து வெல்லப்பாகு, கொஞ்சம் வறுத்த வேர்க்கடலை, முடிவில் ஓக்கின் துவர்ப்பு. அரைக் கரண்டி தண்ணீர் விட்டதும் இனிப்பு மேலே வந்து காட்டம் பின்னால் போய்விடுகிறது. தண்ணீர் விடுவது கௌரவக் குறைச்சல் என்று நினைப்பவருக்கு இது சரிப்படாது.

ஓல்டு ஃபேஷண்டில்தான் இது முழுசாக விழித்துக்கொள்கிறது. 1806-இல் நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் நகரில் வெளிவந்த ஒரு பத்திரிகை, காக்டெயில் என்றால் மது, சர்க்கரை, தண்ணீர், பிட்டர்ஸ் என்று விளக்கம் சொன்னது. ஓல்டு ஃபேஷண்ட் இன்னும் அதேதான். ஒளிந்துகொள்ள இடமில்லாத பானம். இந்த விஸ்கியின் கரடுமுரடைச் சர்க்கரை தேய்த்துவிடுகிறது, சுவை அப்படியே இருக்கிறது. சவரிலும் நன்றாக நின்றது. மன்ஹாட்டனில் மட்டும் வெர்மூத்தோடு சேர்ந்து இனிப்பின் மேல் இனிப்பாகி, கொஞ்சம் மந்தம்.

இன்னொரு கணக்கு. இதில் 375 மில்லி ஆல்கஹால் இருக்கிறது. 18 டாலர் கொடுத்து வாங்கும் 40 சதவீதப் பாட்டிலில் 300 தான். ஒரு டாலர் மிச்சம் பிடிப்பதாக நினைத்து வாங்குபவர் உண்மையில் தண்ணீர் வாங்குகிறார்.

யாருக்கு: அடிக்கடி ஆள் வந்துபோகும் வீடு. காக்டெயில் முக்கியம், ராவாக எப்போதாவது.

## வைல்டு டர்க்கி 101 (50.5 சதவீதம், சுமார் 26 டாலர்)

பெயரிலேயே ப்ரூஃப் இருக்கிறது. 1940-இல் இந்த நிறுவனத்தின் அதிகாரி ஒருவர் காட்டு வான்கோழி வேட்டைக்குப் போகும்போது கிடங்கிலிருந்து மாதிரி எடுத்துக்கொண்டு போக, அடுத்த தடவையும் நண்பர்கள் "அந்த வான்கோழி விஸ்கியைக் கொண்டு வா" என்று கேட்டார்களாம். அதுவே பெயராகிவிட்டது என்று நிறுவனம் சொல்லும். கதை எப்படியோ, ஆள் உண்மை: ஜிம்மி ரஸ்ஸல் 1954-இல் இந்த ஆலையில் வேலைக்குச் சேர்ந்தவர், எழுபது வருடம் கடந்தும் அதே பெயரோடு பிணைந்திருப்பவர். மகன் எட்டியும் அதே தொழில்தான்.

இங்கே தொழில்நுட்பமாக ஒன்று கவனிக்க வேண்டும். காய்ச்சிய சாராயத்தை 125 ப்ரூஃப் வரை வலுவோடு பீப்பாயில் ஊற்றலாம் என்கிறது சட்டம். இவர்கள் 115-இல் ஊற்றுகிறார்கள். அதனால் பாட்டிலில் அடைக்கும்போது சேர்க்க வேண்டிய தண்ணீர் குறைவு, பீப்பாயிலிருந்த ருசியில் அதிகப் பங்கு பாட்டிலுக்கு வருகிறது. ஒரு பீப்பாயில் குறைவான ஆல்கஹாலே அடைபடுவதால் செலவு கூடும். இவர்கள் அதைத் தாங்கிக்கொள்கிறார்கள். பீப்பாயையும் மிக ஆழமாக, முதலைத் தோல் மாதிரி வெடிக்கிற அளவுக்குக் கருக்குகிறார்கள்.

ராவாக: ஆரஞ்சுத் தோல், கருகிய சர்க்கரை, பட்டை, கடைசியில் மிளகு. 50 சதவீதத்தைத் தாண்டியும் தொண்டையைக் கீறாது. மார்பில் மெதுவாகச் சூடேற்றும். எண் மட்டும் ஒட்டியிருந்த கோப்பைகளில் மூன்று பேரில் இரண்டு பேர் இதைத்தான் முதலாவதாகத் தேர்ந்தெடுத்தோம். மூன்றாமவர் "ரொம்ப காரம்" என்றார். அவர் வீட்டில் சாம்பாரிலும் மிளகாய் கம்மிதான்.

மூன்று காக்டெயிலிலும் தோற்காத பாட்டில் இது. தானியக் கலவையில் இருக்கும் 13 சதவீத ரை என்ற குளிர்நாட்டுத் தானியம், மன்ஹாட்டனுக்குத் தேவையான உறைப்பை ஓரளவு தந்துவிடுகிறது. ஓல்டு ஃபேஷண்டில் சர்க்கரைப் பாகுக்குப் பதில் நாட்டுச்சர்க்கரைப் பாகு விட்டுப் பார்த்தேன், அற்புதமாக ஒட்டிக்கொண்டது. அந்தத் தைரியத்தில் கருப்பட்டிப் பாகும் விட்டுப் பார்த்தேன். கருப்பட்டி மட்டும்தான் தெரிந்தது.

யாருக்கு: ஒரே பாட்டில்தான் வாங்குவேன் என்று பிடிவாதம் பிடிப்பவருக்கு. என் பதில் இதுதான், யோசிக்காமல்.

## மேக்கர்ஸ் மார்க் (45 சதவீதம், சுமார் 29 டாலர்)

சிவப்பு மெழுகு வழியும் பாட்டில், எல்லோருக்கும் தெரியும். கென்டக்கியின் லொரெட்டோவில் செய்கிறார்கள். மார்ஜி சாமுவேல்ஸ் யோசித்த அந்த மெழுகை இன்றும் கையால்தான் தோய்க்கிறார்கள். இதில் ரை கிடையாது, அதன் இடத்தில் 16 சதவீதம் கோதுமை. ரையின் மிளகுக் காரம் போய், ரொட்டி வாசனையும் வெனிலாவும் முன்னால் வருகின்றன.

2013 பிப்ரவரியில் சரக்குத் தட்டுப்பாட்டைச் சமாளிக்க வலுவை 45-இலிருந்து 42-ஆகக் குறைக்கப்போவதாக அறிவித்தார்கள். வாடிக்கையாளர்கள் கொதித்த கொதிப்பில் சில நாட்களிலேயே பின்வாங்கினார்கள். மூன்று சதவீதத்துக்கு அவ்வளவு சண்டையா என்று அப்போது சிரித்தேன். மேலே போட்ட கணக்குக்கு அப்புறம் சிரிப்பு வரவில்லை.

ராவாக முதன்முதலில் போர்பன் குடிக்கிறவர் கையில் கொடுக்க இதைவிடப் பொருத்தமானது இந்த வரிசையில் இல்லை. விஸ்கி சவரிலும் அழகு. கோதுமையின் மென்மையும் எலுமிச்சையின் புளிப்பும் நன்றாகச் சேர்கின்றன. மன்ஹாட்டனில் பரிதாபம். வெர்மூத் இதை விழுங்கி ஏப்பம் விட்டுவிட்டது. ஓல்டு ஃபேஷண்டில் பாகைப் பாதியாகக் குறைத்தால் தேறும்.

யாருக்கு: ராவாகவே பெரும்பாலும் குடிப்பவர், காரம் ஆகாதவர், பரிசாகக் கொடுக்க நினைப்பவர்.

## ரிட்டன்ஹவுஸ் ரை (50 சதவீதம், சுமார் 29 டாலர்)

இது போர்பன் இல்லை. மக்காச்சோளத்துக்குப் பதில் ரை 51 சதவீதம். 19-ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியா, மேரிலாந்து பக்கம் விஸ்கி என்றாலே ரைதான். நியூயார்க்கில் மன்ஹாட்டன் பிறந்தபோது கோப்பையில் இருந்ததும் அதுதான். 1920 முதல் 1933 வரை நடந்த மதுவிலக்கு அந்தத் தொழிலை நொறுக்கியது. ஃபிலடெல்ஃபியாவின் ரிட்டன்ஹவுஸ் சதுக்கத்தின் பெயரைத் தாங்கியிருக்கும் இந்தப் பாட்டில்கூட இப்போது கென்டக்கியில்தான் காய்ச்சப்படுகிறது. பெயர் ஒரு மாநிலம், சரக்கு இன்னொரு மாநிலம்.

மன்ஹாட்டனை இதில் ஒரு தடவை செய்துவிட்டால் மற்றதெல்லாம் சமரசம் என்று தெரிந்துவிடும். வெர்மூத் இனிப்பு, அதில் மூலிகைக் கசப்பு. ரையின் கிராம்பும் மிளகும் அதை இரண்டாகப் பிளந்துகொண்டு வருகின்றன. யாரும் யாரையும் விழுங்கவில்லை. ஓல்டு ஃபேஷண்டிலும் பிரமாதம், கொஞ்சம் கறாரான ருசி. சவரில் எலுமிச்சையும் ரையும் சேர்ந்து கூர்மை அதிகமாகிவிட்டது. பாகு கூடுதலாக விட வேண்டியிருந்தது.

ராவாக? வேலை முடித்துக் களைத்து வந்து சாய்ந்துகொண்டு குடிக்கிற பானம் இல்லை இது. கவனம் கேட்கும். சுக்குக் காப்பி பிடிக்கும் என்றால் பிடிக்கும்.

யாருக்கு: மன்ஹாட்டன்தான் உங்கள் பானம் என்றால் மேற்கொண்டு படிக்கவே வேண்டாம்.

## ஓல்டு கிராண்ட்-டாட் பாண்டட் (50 சதவீதம், சுமார் 25 டாலர்)

ஆரஞ்சு நிற லேபிளில் ஒரு தாத்தாவின் முகம். அவர் பெயர் பேசில் ஹெய்டன். அதே பெயரில் இன்னொரு பாட்டில் மேல்தட்டில் கம்பீரமாக நிற்கும், நாற்பது டாலருக்குப் பக்கம். இரண்டும் ஜிம் பீம் நிறுவனத்துடையவை; தானியக் கலவையும் ஒன்றே, 27 சதவீதம் ரை. மேல்தட்டில் இருப்பது 40 சதவீதம், கீழ்த்தட்டில் இருப்பது 50. நான் தாத்தா பக்கம்.

போர்பனின் இனிப்பும் ரையின் உறைப்பும் ஒரே பாட்டிலில் வேண்டும் என்றால் இது. ராவாக வைல்டு டர்க்கி அளவுக்கு ஆழமில்லை, சட்டென்று முடிந்துவிடுகிறது. மன்ஹாட்டனில் ரிட்டன்ஹவுஸுக்கு அடுத்த இடம். எல்லாக் கடையிலும் இருக்காது என்பது ஒரு குறை.

## அப்புறம் இவர்கள்

ஜிம் பீம் வெள்ளை லேபிள் (40 சதவீதம், 18 டாலர்). ராவாக மெலிவு, வேர்க்கடலை வாசனை, சீக்கிரம் மறைந்துவிடும். இஞ்சி சோடாவோடு கலந்து நீளக் கோப்பையில் குடிக்கப் போதும். காக்டெயிலுக்கு எடுக்காதீர்கள்.

ஜாக் டேனியல்ஸ் (40 சதவீதம், 26 டாலர்). நம்மாட்கள் முதலில் கேட்பது இதைத்தான். டென்னசியின் லிஞ்ச்பர்கில், மேப்பிள் மரக்கரியின் ஊடாகச் சொட்டுச் சொட்டாக இறக்கி வடிகட்டுவதுதான் இதன் தனித்தன்மை. அந்தக் கரிதான் பிசிறுகளை எடுத்துவிடுகிறது, கூடவே காக்டெயிலில் பிடித்து நிற்க வேண்டிய பிடிமானத்தையும். ஒரு காலத்தில் 45 சதவீதமாக இருந்து, 43 ஆகி, 2004 வாக்கில் 40-க்கு வந்தது. வாழைப்பழ வாசனை பிடித்தவர்கள் ராவாக ரசிக்கலாம்.

பஃபலோ டிரேஸ் (45 சதவீதம்). முப்பது டாலருக்குக் கீழே கிடைத்தால் எடுங்கள். ராவாக இனிமையான விஸ்கி. ஆனால் ஆசைப்படும் கூட்டம் அதிகம் என்பதால் பல கடைகள் விலையை ஏற்றுகின்றன. எங்கள் பக்கத்தில் ஒரு கடையில் 45 போட்டிருந்தார்கள். அந்த விலைக்கு இரண்டு எவன் வில்லியம்ஸ் வாங்கி மீதியில் ஆரஞ்சுப் பழமும் வாங்கலாம்.

## ஒரே பார்வையில்

| விஸ்கி | வலு | விலை, டாலர் | ராவாக | ஓல்டு ஃபேஷண்ட் | மன்ஹாட்டன் | சவர் |
|---|---|---|---|---|---|---|
| எவன் வில்லியம்ஸ் பாண்டட் | 50 | 19 | தண்ணீர் விட்டால் நன்று | மிக நன்று | பரவாயில்லை | நன்று |
| வைல்டு டர்க்கி 101 | 50.5 | 26 | மிக நன்று | மிக நன்று | நன்று | நன்று |
| மேக்கர்ஸ் மார்க் | 45 | 29 | மிக நன்று | பாகைக் குறைத்தால் நன்று | வேண்டாம் | மிக நன்று |
| ரிட்டன்ஹவுஸ் ரை | 50 | 29 | பழகினால் நன்று | மிக நன்று | இதுதான் | சுமார் |
| ஓல்டு கிராண்ட்-டாட் பாண்டட் | 50 | 25 | நன்று | நன்று | நன்று | நன்று |
| ஜிம் பீம் வெள்ளை | 40 | 18 | சுமார் | சுமார் | வேண்டாம் | சுமார் |
| ஜாக் டேனியல்ஸ் | 40 | 26 | நன்று | சுமார் | வேண்டாம் | சுமார் |

விலை எல்லாம் நான் வாங்கும் பக்கத்தில் கண்டவை. நியூ ஜெர்சியில் இதற்கு மேல் 6.625 சதவீத விற்பனை வரி. டெலாவேர் ஆற்றைத் தாண்டி பென்சில்வேனியாவுக்குள் போனால் டாஸ்மாக் மாதிரி அரசுக் கடைகளில்தான் விஸ்கி. பேரம், தள்ளுபடி வேட்டைக்கெல்லாம் அங்கே இடம் குறைவு.

## பில்லில் தெரியாத செலவுகள்

வெர்மூத்தான் முதல் கண்ணி. அது ஒயின். மூடியைத் திறந்துவிட்டால் விஸ்கி மாதிரி வருடக்கணக்கில் அலமாரியில் நிற்காது. ஃப்ரிட்ஜில் வைத்தும் ஒன்றிரண்டு மாதத்தில் ருசி போய்விடும். மாதம் இரண்டு மன்ஹாட்டன் குடிக்கிறவர் 750 மில்லி பாட்டில் வாங்கினால் பெரும்பகுதி சிங்க்கில்தான். 375 மில்லி சின்னப் பாட்டில் கிடைக்கும், அதை வாங்குங்கள். வெர்மூத் இல்லாமல் ரிட்டன்ஹவுஸ் வாங்குவது, டிகாக்‌ஷன் போட்டுவிட்டுப் பால் இல்லாமல் நிற்பது மாதிரி.

பிட்டர்ஸ் எதிர்மாறு. டிரினிடாடிலிருந்து வரும் அங்கோஸ்டுரா சின்னப் பாட்டில் பத்து டாலர் என்றதும் முகம் சுளிப்பார்கள். உதறல் கணக்கில் போவதால் ஒரு வருடத்துக்கு மேல் ஓடும்.

சவருக்கு எலுமிச்சை. அமெரிக்கக் குறிப்புகள் சொல்வது பெரிய மஞ்சள் எலுமிச்சை. இந்தியக் கடையில் வாங்கிவரும் சின்னப் பச்சை எலுமிச்சையை அதே அளவு பிழிந்தால் வேறு பானம் ஆகிவிடும். அதன் வாசனை விஸ்கியோடு சண்டை போடும். ஒரு கோப்பைக்கு அரைப் பழமாவது போகும். ஆறு பேருக்கு சவர் என்றால் பழத்துக்கே நான்கு டாலர்.

ஐஸைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஃப்ரீசரில் தேங்காய்த் துருவலும் வஞ்சிரமும் உறைந்திருக்கும் நம் வீடுகளில், திறந்த தட்டில் கிடக்கும் ஐஸுக்கும் அந்த வாசம் ஏறிவிடும். என் முதல் ஓல்டு ஃபேஷண்டில் லேசாக மீன் குழம்பு தெரிந்தது. மூடி வைத்த பெரிய அச்சு ஒன்று வாங்குங்கள். கட்டி பெரிதாக இருந்தால் உருகுவதும் மெதுவாகத்தான்.

கடைசியாக, உடம்புக் கணக்கு. 40 சதவீத விஸ்கி 44 மில்லி என்பதுதான் அமெரிக்காவில் ஒரு பானம் என்கிற அளவு. 50 சதவீதத்தில் 60 மில்லி ஊற்றினால் அது 1.7 பானம். "ரெண்டே ரெண்டு ஓல்டு ஃபேஷண்ட்தான் குடிச்சேன்" என்பவர் மூன்றரைக்குப் பக்கத்தில் இருக்கிறார். கார் சாவியை முதல் கோப்பைக்கு முன்பே விருந்து தரும் வீட்டுக்காரரிடம் கொடுத்துவிடுவது எங்கள் குழுவின் வழக்கம். ருசி பார்ப்பதைத் தாண்டி ராவாகக் குடிப்பதானாலும் 30 மில்லி போதும் என்பேன், அதுவும் இதனால்தான்.

## இரண்டு பாட்டில் வாங்க முடிந்தால்

எவன் வில்லியம்ஸ் பாண்டடும் ரிட்டன்ஹவுஸும். மொத்தம் 48 டாலர். முதலாவது சவருக்கும் ஓல்டு ஃபேஷண்டுக்கும், இரண்டாவது மன்ஹாட்டனுக்கு. ராவாக வேண்டுமென்றால் முதலாவதில் கொஞ்சம் தண்ணீர். மேக்கர்ஸ் மார்க்கும் ஜாக் டேனியல்ஸும் சேர்த்து வாங்கினால் 55 டாலர் ஆகும், மன்ஹாட்டன் செய்ய ஒன்றும் இருக்காது.

## ஊருக்கு எடுத்துப் போக

இதையும் கேட்கிறார்கள். 2025 பிப்ரவரியில் இந்தியா போர்பனுக்கான இறக்குமதி வரியை 150 சதவீதத்திலிருந்து 100-க்குக் குறைத்தது. குறைத்த பிறகும் சென்னையில் விலை இங்கே இருப்பதுபோல் ஆகாது. ஆளுக்கு இரண்டு லிட்டர் வரை வரியில்லாமல் கொண்டுபோகலாம் என்பதால் பெட்டியில் இரண்டு பாட்டிலுக்கு இடம் உண்டு.

ஷோகேஸில் வைத்து வந்தவருக்கெல்லாம் காட்டுகிற மாமாவுக்கு மேக்கர்ஸ் மார்க். சிவப்பு மெழுகுக்கே பாதி மரியாதை. உடைத்துக் குடிக்கிற மாமாவுக்கு வைல்டு டர்க்கி. எவ்வளவு சொன்னாலும் அவர் 60 மில்லிக்கு 120 மில்லி சோடா ஊற்றத்தான் போகிறார். 40 சதவீதப் பாட்டில் என்றால் அவர் கோப்பையில் 13 சதவீதம்தான் மிஞ்சும். 101 என்றால் கிட்டத்தட்ட 17. போன டிசம்பரில் எங்கள் மாமா ஒரு வாய் குடித்துவிட்டு, பாட்டிலைத் திருப்பி லேபிளைப் பார்த்து, இன்னும் கொஞ்சம் சோடா ஊற்றிக்கொண்டார்.